பழைய நிரலை நீக்க எல்லோரையும் சம்மதிக்க வைப்பது எப்படி?

தெற்குவாசல்

ஸ்கேன் செய்த பழைய புத்தகப் பக்கங்களை நேராக்கி, ஓரம் வெட்டி, கறை நீக்கித் தரும் ஒரு சின்னக் கருவியைச் சிலர் சேர்ந்து பராமரிக்கிறோம். பைத்தானில் எழுதியது. முதலில் ஒருவர் தன் தேவைக்காக எழுதினார், பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். இப்போது செட்டிங்ஸ் கோப்பை ஐஎன்ஐ, ஜேசன், யாமல் என்று மூன்று வடிவத்திலும் படிக்கிறது. பைத்தான் 2-இல் ஓடுவதற்காக எழுதிய பகுதி இன்னும் உள்ளே கிடக்கிறது. போதாததற்கு வெளியார் எழுதிய நிரலைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு ப்ளக்இன் வசதி வேறு, அதை நம்பி வெளியே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. புதிதாக வரும் ஒருவர் சின்ன பக்கைச் சரிசெய்ய நினைத்தால்கூட நாலைந்து கோப்புகளைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் கைவைக்க முடியும், பாதிப் பேர் அதற்குள் விலகிவிடுகிறார்கள்.

இதையெல்லாம் குறைக்கலாம் என்று ஒரு முன்மொழிவு எழுதிப் போட்டேன். எளிமையாக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எதை நீக்குவது என்று வந்ததும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். ஒருவர் ஐஎன்ஐ போகக்கூடாது என்கிறார், இன்னொருவர் ப்ளக்இன் இல்லாவிட்டால் எனக்கு இதில் வேலையே இல்லை என்கிறார், மூன்றாமவர் ஓட்டு போட்டு முடிக்கலாம் என்கிறார். மீதிப் பேர் வாயே திறக்கவில்லை.

பெரிய திட்டங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள்? பொறுமையாகப் பேசுங்கள் என்பது போன்ற பொதுவான அறிவுரை வேண்டாம், எங்கே, யார், என்ன செய்தார்கள், அப்புறம் என்ன ஆனது என்று சொன்னால் பெரிய உதவி.

நாணல்

பைத்தானிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது, பெப் 594 (பெப் என்பது பைத்தானில் மாற்றம் கேட்டு எழுதும் முறையான முன்மொழிவு). பைத்தானோடு சேர்ந்தே வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் யாரும் கவனிக்காமல் கிடந்த மாட்யூல்களை (நிரல் பகுதிகளை) நீக்கச் சொல்லி கிறிஸ்டியன் ஹைம்ஸ் 2019 மே மாதம் எழுதியது, பிறகு பிரெட் கேனன் இணை ஆசிரியரானார். பைத்தானை வழிநடத்தும் ஸ்டீரிங் கவுன்சில் அதை ஏற்றது 2022 மார்ச்சில். எச்சரிக்கை வர ஆரம்பித்தது 2022 அக்டோபரில் வந்த 3.11-இல், மாட்யூல்கள் உண்மையில் போனது 2024 அக்டோபரில் வந்த 3.13-இல். மொத்தம் 19 மாட்யூல்கள்: சிஜிஐ, கிரிப்ட், டெல்நெட்லிப், என்என்டிபிலிப், ஆடியோஆப் என்று ஒரு பட்டியல்.

அதன் அமைப்பைத்தான் பார்க்கச் சொல்வேன். "இவையெல்லாம் பழசு, தூக்கிவிடுவோம்" என்று மொத்தமாக ஒரே வாதம் அதில் கிடையாது. ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனியாக ஒரு பத்தி: இது எதற்கு, இதைக் கவனிக்க ஆள் இருக்கிறாரா, மாற்று என்ன. என்என்டிபிலிப் போனதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அதன் டெஸ்டுகள் வெளியே இருக்கும் நியூஸ் சர்வர்களை நம்பி ஓடின, அவை படுத்தால் பைத்தானின் டெஸ்டும் சேர்ந்து படுத்தது. சிஜிஐ போனதற்குக் காரணம் வேறு, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிதாக ஒரு ப்ராசஸைக் கிளப்பும் அந்த முறையே காலாவதியாகிவிட்டது. இப்படித் தனித்தனியாகப் பிரித்ததால் சண்டையும் தனித்தனியாக நடந்தது. ஒன்றில் ஒத்துவராதவர் மீதி 18-ஐயும் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, "வைத்துக்கொள்ளும் மாட்யூல்கள்" என்றே அதில் ஒரு பகுதி உண்டு. முதலில் நீக்கலாம் என்று நினைத்து, ஆட்கள் வந்து பேசியபிறகு விட்டுவைத்தவை. கலர்சிஸ் இருக்கட்டும் என்று சிலர் கேட்டார்கள், இருக்கிறது. வேவ் மாட்யூலுக்காக டேவிட் பீஸ்லி பேசினார். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அது எளிது, ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கணினியைச் சத்தம் போட வைப்பதில் இருக்கும் ஆர்வம் பெரியது என்பது காரணம். அதையும் எழுதி வைத்து, மாட்யூலையும் வைத்துக்கொண்டார்கள். நீக்கச் சொல்லி எழுதிய அதே ஆவணத்தில் எதிர்ப்பாளர்கள் சொன்னது ஏற்கப்பட்டதும் இருக்கிறது. தான் சொன்னால் கேட்பார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்த ஆள் காரணத்தோடு வந்து பேசுவார்.

இரவுப்பணி

ஐந்து வருடம் நாணல்! 2019-இல் எழுதியது 2024-இல் நடந்தது. பைத்தானுக்கு ஸ்டீரிங் கவுன்சில் இருக்கிறது, சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் சிலராவது இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் நேரம் கிடைக்கும் நாலு பேர் ஐந்து வருடம் இழுத்தால் திட்டமே இருக்காது.

அதோடு அத்தனை வருடம் கொடுத்தும் ஆடியோஆப் போனபோது டிஸ்கார்ட் பாட் எழுதுபவர்கள் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் வெளியிலிருந்து ஆடியோஆப்-எல்டிஎஸ் என்று அதைத் தனிப் பொதியாகப் போட்டுப் பராமரிக்கிறார்கள், டிஸ்கார்ட்.பை அதைத்தான் எடுத்துக்கொள்கிறது.

என் யோசனை: பிரித்துக்கொண்டு போங்கள். ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் ஆட்கள் 2014-இல் அதைத்தான் செய்தார்கள். இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை இருப்பது ஏப்ரல் 7-ஆம் தேதி வெளியே வந்தது, அதே மாதம் அதை ஃபோர்க் செய்து (நிரலை நகலெடுத்துத் தனியாகப் பிரித்து) லிப்ரேஎஸ்எஸ்எல் ஆரம்பித்தார்கள். முதல் வாரத்திலேயே 90,000 வரிக்கு மேல் சி நிரலை வெட்டினார்கள். விஎம்எஸ், ஓஎஸ்/2, நெட்வேர், 16 பிட் விண்டோஸ், எல்லாம் போச்சு. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

குறுக்குத்துறை

இரவுப்பணி, லிப்ரேஎஸ்எஸ்எல் கதையை முதல் வாரத்தோடு நிறுத்தக்கூடாது. ஓபன்பிஎஸ்டிக்குள் அது இன்றும் நன்றாக இருக்கிறது, மேக்கிலும் அதைப் பார்க்கலாம், அவர்கள் செய்த வேலையை நான் மதிக்கிறேன். ஆனால் வெளியே? ஆல்பைன் லினக்ஸ் 2016-இல் 3.5-இல் அதற்கு மாறி, 2019-இல் 3.9-இல் திரும்ப ஓபன்எஸ்எஸ்எல்லுக்கே போய்விட்டது. ஜென்டூ, வாய்டு என்ற மற்ற லினக்ஸ் டிஸ்ட்ரோக்களும் (தொகுப்புகளும்) 2021-இல் கைவிட்டன. பைத்தான் 3.10 வந்தபோது ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-ஐக் கட்டாயமாக்கி லிப்ரேஎஸ்எஸ்எல் ஆதரவை விட்டுவிட்டது. ஓபன்எஸ்எஸ்எல் புது ஏபிஐயோடு (மற்ற நிரல்கள் அதை அழைக்கும் முறை) நகர, மற்ற மென்பொருள்கள் அதன் பின்னால் போயின. இரண்டுக்கும் பொருந்தும்படி பேட்ச் (நிரல் திருத்தம்) ஒட்டிக்கொண்டே இருக்க டிஸ்ட்ரோக்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அதே காலத்தில் ஓபன்எஸ்எஸ்எல்லும் தன்னைச் சுத்தம் செய்தது. 2015 தொடக்கத்தில் மொத்த நிரலையும் ஒரே நடைக்கு மாற்றினார்கள், 2016-இல் வந்த 1.1.0-இல் எஸ்எஸ்எல் 2-ஐத் தூக்கினார்கள், செத்துப்போன பல தளங்களின் ஆதரவையும் விட்டார்கள். அதிர்ச்சி ஒன்றுதான், ஒரு பக்கம் உடனே வெட்டினார்கள், இன்னொரு பக்கம் பயனாளர்களைக் கூட்டிக்கொண்டு மெதுவாக வெட்டினார்கள். வேகம் வேண்டுமானால் ஃபோர்க் சரி. உங்கள் கருவியைப் பயன்படுத்துபவர்கள் உங்களோடேயே வரவேண்டும் என்றால் அதற்கு வேறு வேலை பார்க்க வேண்டும்.

ஆலமரத்தடி

நான் ஒரு கதை சொல்கிறேன், கொஞ்சம் நீளம். ஏனென்றால் இதுவரை பேசியவர்கள் எல்லோரும் சம்மதம் கிடைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்ற மாதிரிப் பேசுகிறீர்கள். சம்மதம் கிடைத்தே பெரிய விபத்து நடந்திருக்கிறது.

2006. டெபியன் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவில் ஓபன்எஸ்எஸ்எல் பொதியைப் பார்த்துக்கொண்டவர், நினைவகப் பிழைகளைத் தேடும் வால்க்ரைண்ட் கருவியைப் போட்டுப் பார்க்கும்போது மதிப்பே ஏற்றாத நினைவகத்தைப் படிப்பதாக எச்சரிக்கை வருவதைக் கண்டார். ஓபன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிரலிலும் இந்த எச்சரிக்கை வந்து தொல்லை கொடுத்தது. தேடியதில் ரேண்டம் எண் உருவாக்கும் பகுதியில் இரண்டு வரிகள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. அவர் தன்னிஷ்டத்துக்கு நீக்கவில்லை. ஓபன்எஸ்எஸ்எல் டெவலப்பர்கள் இருக்கும் இடத்தில் போய்க் கேட்டார்: இந்த இரண்டையும் எடுத்துவிடலாமா? டீபக் செய்ய உதவுமானால் எடுப்பது சரிதான் என்ற அர்த்தத்தில் ஒரு பதில் வந்தது, பெரிய எதிர்ப்பு எதுவும் வரவில்லை. எடுத்தார்.

அந்த இரண்டில் ஒன்று போனால் நஷ்டமில்லை, அதுதான் உண்மையில் மதிப்பேற்றாத நினைவகத்தைத் தொட்டது. மற்றது, வெளியிலிருந்து வரும் ரேண்டம் தரவைக் கலக்கும் வரி. அது போனதும் உருவாக்கும் மறைகுறியாக்கச் சாவிகளுக்கு இடையே வித்தியாசம் தருவது ப்ராசஸ் எண் (ஓடும் நிரலுக்குக் கணினி தரும் எண்) மட்டும் என்றாகிவிட்டது, லினக்ஸில் அப்போது அதன் வழக்கமான உச்சம் 32,768. அதாவது ஒரு வகைக் கணினியில் ஒரு வகைச் சாவிக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் சாத்தியம்தான், உட்கார்ந்து எல்லாவற்றையும் உருவாக்கி வைத்துவிடலாம். 2008 மே 13-இல்தான் இது அறிவிக்கப்பட்டது. டெபியனிலும் உபுண்டுவிலும் உருவாக்கிய எஸ்எஸ்ஹெச் சாவிகள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் உலகம் முழுக்க மாற்ற வேண்டியதாயிற்று.

இதில் யாரையும் குற்றவாளியாக்க எனக்கு விருப்பமில்லை. நிரலைப் படித்துவிட்டுப் பாருங்கள், யாருக்கும் நடக்கும். கேள்வி கேட்கப்பட்டது, பதிலும் வந்தது. ஆனால் கேட்டவர் மனதில் இருந்தது "லட்சக்கணக்கானவர்களுக்குப் போகும் பொதியில் எடுக்கப் போகிறேன்" என்பது, பதில் சொன்னவர் மனதில் இருந்தது "டீபக் செய்யும்போது எடுத்துக்கொள்ளட்டும்" என்பது. முழு பேட்சையும் முன்னால் வைத்து, அது எங்கே போகிறது, இந்த வரி எதற்காக முதலில் வந்தது என்று சுற்றியுள்ள நிரலோடு காட்டியிருந்தால் யாராவது ஒருவர் இரண்டாவது வரியில் நின்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

தெற்குவாசல், உங்கள் முன்மொழிவுக்கு வந்த "எளிமையாக்க வேண்டும்" என்ற சம்மதமும் இந்த வகைதான். அதை வைத்துக்கொண்டு ஒரு வரியையும் நீக்காதீர்கள். பேட்சுக்குச் சம்மதம் வாங்குங்கள்.

வெண்பலகை

ஆலமரத்தடி சொன்னது முக்கியமான விஷயம். அதோடு ஒன்று சேர்க்கிறேன்: எல்லா நீக்கத்துக்கும் ஒரே அளவு சம்மதம் தேவையில்லை.

லிப்ரேஆபீஸைப் பாருங்கள். 2010 செப்டம்பரில் ஓபன்ஆபீஸ்.ஆர்க்கிலிருந்து பிரிந்தது. அந்த நிரல் ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷனில் பிறந்து, 1999-இல் சன்னுக்குப் போய், பிறகு ஆரக்கிளிடம் வந்து சேர்ந்தது, உள்ளே ஏராளமான குறிப்புகள் ஜெர்மன் மொழியில். பிரிந்து வந்தவர்கள் ஈஸி ஹேக்ஸ் என்று ஒரு பட்டியல் வைத்தார்கள். ஜெர்மன் குறிப்புகளை ஆங்கிலமாக்குவது அதில் ஒன்று. எங்கிருந்தும் அழைக்கப்படாத ஃபங்ஷன்களைக் கருவி வைத்துக் கண்டுபிடித்து, அந்தப் பட்டியலை ரெப்போவுக்குள்ளேயே ஒரு கோப்பாகப் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு வரியை எடுத்து, அந்த ஃபங்ஷனை நீக்கி, பேட்ச் அனுப்பலாம். ஆயிரக்கணக்கில் தொடங்கிய பட்டியல் சில வருடங்களில் கிட்டத்தட்டக் காலி. இதற்கு யாரும் யாரையும் சம்மதிக்க வைக்கவில்லை, ஏனென்றால் கருவியே அது தேவையில்லை என்று காட்டிவிட்டது, பேட்சும் ஒரு நிமிடத்தில் படிக்கும் அளவுக்குச் சின்னது. அதே திட்டத்தில் பழைய ஸ்ட்ரிங் வகையைத் தூக்கிவிட்டு ஒரே வகைக்கு மாறும் வேலை வேறு ரகம், அது பல ரிலீஸ் பிடித்தது, மெதுவாகத்தான் செய்தார்கள்.

ஆகவே உங்கள் பட்டியலையே முதலில் பிரிக்க வேண்டும். பைத்தான் 2-க்கான பகுதியைப் பற்றி யாராவது எதிர்த்தார்களா? 2.7-க்கே 2020 ஜனவரி 1-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. அதை ஐஎன்ஐ சண்டையோடு சேர்த்துக் கட்டி வைத்திருப்பது ஏன்?

தெற்குவாசல்

பைத்தான் 2 பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, உண்மைதான். எல்லாம் சேர்ந்து ஒரே முன்மொழிவாக இருந்தால் நோக்கம் புரியும் என்று நினைத்து எழுதினேன். பிரிப்பதில் எனக்குத் தடையில்லை.

ஐஎன்ஐ விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். எதிர்ப்பவர் ஒரு நூலகத்தில் ஸ்கேன் வேலையைப் பார்த்துக்கொள்பவர், எங்களோடு ஆரம்பத்திலிருந்து இருக்கிறார். ஒவ்வொரு வகைப் புத்தகத்துக்கும் தனித்தனி ஐஎன்ஐ கோப்பு எழுதி வைத்திருக்கிறார். "நீங்கள் அடுத்த ரிலீஸ் போட்டதும் என் வேலை நின்றுவிடும், அப்போது வந்து யார் மாற்றித் தருவார்கள்" என்று கேட்கிறார். அதற்கு எங்களில் ஒருவர், "ஒரே ஒரு ஆளுக்காக எல்லோரும் சுமக்க முடியாது, ஓட்டு போடலாம்" என்று பதில் போட, அதோடு பேச்சு கெட்டுவிட்டது.

குறுக்குத்துறை

ஓட்டு வேண்டாம். அந்த நூலக நண்பர் தோற்றுப்போவார், அதோடு போயும் விடுவார், அவர் சொன்ன பிரச்சினை மட்டும் அங்கேயே இருக்கும்.

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப்பில் இதைப் பற்றி நன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். 2014-இல் பீட் ரெஸ்னிக் எழுதிய ஆர்எஃப்சி 7282 என்ற ஆவணம். தலைகளை எண்ணுவதை அது நேரடியாக எதிர்க்கிறது. நூறு பேர் ஆதரவு, ஐந்து பேர் எதிர்ப்பு, ஆனால் அந்த ஐவர் சொன்ன சிக்கலுக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றால் அங்கே ஒருமித்த கருத்து வரவில்லை. தலைகீழாகவும் இருக்கலாம் என்கிறது: நூறு பேர் எதிர்ப்பாக வந்து நின்றாலும், அவர்கள் எல்லோரும் சொல்வது ஏற்கெனவே ஆராய்ந்து பதில் சொல்லப்பட்ட ஒன்று என்றால், ஐந்து பேர் பக்கமே முடிவாகலாம். எதிர்ப்பைக் கேட்டு, எடை போட்டு, பதில் சொல்லியிருக்க வேண்டும், கேட்டது எல்லாவற்றையும் கொடுத்தே ஆகவேண்டும் என்று கிடையாது. எனக்கு இதைவிட நியாயமான அளவுகோல் கிடைக்கவில்லை.

அப்பாச்சி திட்டங்களில் நிரல் மாற்றங்களுக்கு வீட்டோ உண்டு, ஒருவர் மைனஸ் ஒன்று போட்டாலே மாற்றம் நிற்கும். ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்ல வேண்டும், "எனக்குப் பிடிக்கவில்லை" செல்லாது. சாதாரண விஷயங்களுக்கு, அறிவித்துவிட்டு வழக்கமாக 72 மணி நேரம் காத்திருந்து எதிர்ப்பு வரவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் சரியாக வரும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பின்னால் எளிதில் திரும்பப் பெறக்கூடிய மாற்றத்துக்கு மட்டும்.

உங்கள் நூலக நண்பர் கேட்டதைத் திரும்பப் படியுங்கள். ஐஎன்ஐ நல்ல வடிவம் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. யார் மாற்றித் தருவார்கள் என்று கேட்கிறார். அதற்கு யாரும் பதில் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

இரவுப்பணி

ஆனால் அதுவே ஆபத்தும்தான் குறுக்குத்துறை. ஒவ்வொருவரும் "யார் மாற்றித் தருவார்கள்" என்று கேட்க ஆரம்பித்தால் அந்த வேலையெல்லாம் நீக்கச் சொன்னவர் தலையில்தானே விழும்? சுத்தம் செய்ய முன்வந்ததற்குத் தண்டனை மாதிரி ஆகிவிடாதா? கூட்டுக் குடும்ப வீட்டுப் பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவை வருடக்கணக்கில் யாரும் தொடமாட்டார்கள், எடைக்குப் போடலாம் என்று ஒருவர் சொன்னதும் வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் அது வேண்டியதாகிவிடும். சும்மா வேண்டும் என்று சொல்ல எந்தச் செலவும் கிடையாது.

நாணல்

செலவு இருக்க வேண்டும், அது சரி. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அதை எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்கிறேன், உங்களுக்கும் பிடிக்கும்.

2018-இல் 4.17 ரிலீஸில் எட்டு ப்ராசசர் வகைகளின் ஆதரவை ஒரே நேரத்தில் எடுத்தார்கள்: பிளாக்ஃபின், க்ரிஸ், டைல், மெட்டாக் முதலியவை. ஐந்து லட்சத்துக்கு நெருக்கமான வரிகள் போயின. முன்னால் நின்றவர் ஆர்ண்ட் பெர்க்மன். அவர் செய்தது, ஒவ்வொன்றையும் இன்னும் யாராவது கவனிக்கிறார்களா, பயன்படுத்துகிறார்களா என்று விசாரித்தார். ஹெக்ஸகனும் நீக்கும் பேச்சில் அடிபட்டது, பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததால் தங்கிவிட்டது. யுனிகோர் 32-வும் அந்த முறை தப்பித்தது, பிறகு 2020-இல் 5.9-இல் போனது. போன எட்டுக்கும் பொதுவாக என்ன நடந்தது என்றும் எழுதினார்: ஒரே நிறுவனம் சொந்தமாக ப்ராசசர், அதற்கான மென்பொருள் எல்லாம் செய்துகொண்டிருந்தது, பிறகு ஆர்ம் போன்றதை வெளியிலிருந்து வாங்குவது மலிவாகிவிட்டது, அதோடு இவை அநாதையாயின.

வயதை வைத்து முடிவு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். மோட்டரோலா 68000 வெளிவந்தது 1979-இல், அந்தக் குடும்பத்துக்கான எம்68கே ஆதரவு கெர்னலில் இருந்தது, ஏனென்றால் அதைப் பராமரிக்க ஆட்கள் விடாமல் வேலை செய்தார்கள். போன எட்டும் அதைவிடப் புதியவை. ஆகவே இரவுப்பணி, "எனக்கு வேண்டும்" என்பவரிடம் "நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா" என்று மரியாதையாகக் கேட்கலாம். பார்த்துக்கொள்கிறேன் என்றால் அது இருக்கட்டும், கோப்பில் அவர் பெயர் ஏறட்டும்.

அதே கெர்னலில் மறுபக்கமும் உண்டு. உள்ளே இருக்கும் ஒரு ஏபிஐயை நீங்கள் மாற்றினால் அதை அழைக்கும் இடங்களையெல்லாம் நீங்களேதான் சரிசெய்து தரவேண்டும். மாற்றுபவருக்கு ஒரு கடமை, வைத்துக்கொள்ளச் சொல்பவருக்கு ஒரு கடமை. எங்கள் பக்கம் ஃபெடோரா லினக்ஸில் பைத்தானின் ஆல்ஃபா (ஆரம்பச் சோதனை) பதிப்பு வந்ததுமே அதை வைத்து ஆயிரக்கணக்கான பொதிகளைக் கட்டிப் பார்ப்பார்கள், எது உடைகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். கலெக்ஷன்ஸ் மாட்யூலில் இருந்த பழைய பெயர்களை 3.9-இல் எடுப்பதாக இருந்தது, நிறைய உடையும் என்று தெரிந்ததும் ஒரு ரிலீஸ் தள்ளி 3.10-இல் எடுத்தார்கள். ரஸ்ட் மொழியில் க்ரேட்டர் என்ற கருவி, அதன் பொதுக் களஞ்சியமான க்ரேட்ஸ்.ஐஓவில் இருக்கும் பொதிகளைக் கட்டிப் பார்த்துச் சொல்லும். எத்தனை பேருக்கு வலிக்கும் என்று கையில் விவரம் இருந்தால் பாதி வாக்குவாதம் வராது.

ஆலமரத்தடி

நாணல் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். "நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா" என்ற கேள்வி நிரல் எழுதத் தெரிந்தவருக்குத்தான் நியாயம். நூலக நண்பர் நிரலர் இல்லை என்றால் அந்தக் கேள்வி "வாயை மூடு" என்பதாகத்தான் அவர் காதில் விழும். அவர் இத்தனை காலம் பக் சொல்லியிருக்கிறார், மாதிரிப் பக்கங்கள் கொடுத்திருப்பார், அதுவும் பங்களிப்புதான். அவர் பங்குக்கு அவர் கொடுக்கக்கூடியதைக் கேளுங்கள். கோப்புகளைக் கேளுங்கள், சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெண்பலகை

ஆமாம், இதை நானும் சொல்ல நினைத்தேன். ஐஎன்ஐயிலிருந்து யாமலுக்கு மாற்றித் தரும் ஒரு கட்டளை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? பைத்தானிலேயே ஐஎன்ஐ படிக்கும் கான்ஃபிக்பார்சர் இருக்கிறது. மாற்றும் கட்டளையை முதல் ரிலீஸில் கொடுங்கள், ஐஎன்ஐயும் அப்படியே வேலை செய்யட்டும். அடுத்த ரிலீஸில் ஐஎன்ஐ கோப்பைத் திறந்தால் எச்சரிக்கை, அந்த எச்சரிக்கையிலேயே எந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும் என்று முழு வரியும் வரட்டும். நூலக நண்பர் தன் கோப்புகள் எல்லாம் மாறிவிட்டன, வெளிவரும் படங்களும் முன்பு போலவே இருக்கின்றன என்று சொன்ன பிறகு நீக்குங்கள். தேதி வைத்து நீக்குவதைவிட இது நல்லது.

ப்ளக்இன் வேறு விஷயம், அதில் அவசரப்படாதீர்கள். யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியாத ஒன்றை நீக்குவதற்கு யாரிடம் சம்மதம் கேட்பீர்கள்? முதலில் ப்ளக்இன் ஏறும்போது ஒரு வரிச் செய்தி வரட்டும், "இதை நீக்கலாமா என்று யோசிக்கிறோம், நீங்கள் பயன்படுத்தினால் இந்த இஷ்யூவில் எழுதுங்கள்" என்று.

இரவுப்பணி

சரி, ஆடியோஆப் பற்றி நான் சொன்னதை இப்போது வேறு மாதிரியும் பார்க்க முடிகிறது. தேவைப்பட்டவர்கள் வெளியே எடுத்துப் பராமரிக்கிறார்கள், சிஜிஐக்கும் லெகசி-சிஜிஐ என்று அப்படி ஒன்று இருக்கிறது. யாருக்கு வேண்டுமோ அவர்கள் கையில் போயிருக்கிறது. ப்ளக்இன் வேண்டும் என்று ஒருவர் சொல்கிறாரே, அவரால் நிரல் எழுத முடியும் என்றால் அதைத் தனிப் பொதியாக அவர் எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் உள்ளே இரண்டு மூன்று இடத்தில் கொக்கி விட்டுத்தர வேண்டியிருக்கும், அதை நீங்கள் செய்ய வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை. முடிவுக்கு ஒரு எல்லை வேண்டும். ரஸ்ட்டில் ஆர்எஃப்சி (அங்கே மாற்றத்துக்கான முன்மொழிவு) ஒன்று பேசித் தீர்ந்தது என்று தோன்றினால் கடைசிக் கருத்துக் காலம் என்று பத்து நாள் அறிவிக்கிறார்கள். புதிதாக ஏதாவது எதிர்ப்பு இருந்தால் அதற்குள் வரவேண்டும். அப்படி ஒன்று இல்லாவிட்டால் களைத்துப்போகாமல் கடைசிவரை பேசிக்கொண்டிருப்பவர்தான் ஜெயிப்பார்.

தெற்குவாசல்

எல்லோருக்கும் நன்றி, நிஜமாகவே தெளிந்தது. பழைய முன்மொழிவை மூடிவிட்டு மூன்றாகப் பிரிக்கிறேன்.

பைத்தான் 2 பகுதியை நீக்கும் பேட்சை இந்த வாரம் போடுகிறேன், மூன்று நாள் வைத்துவிட்டு, எதிர்ப்பு வராவிட்டால் மெர்ஜ். ஐஎன்ஐக்கு வெண்பலகை சொன்ன வரிசைதான். நூலக நண்பருக்கு நேற்றிரவே தனியாக எழுதினேன். ஓட்டு பற்றிச் சொன்னதை விட்டுவிடுங்கள், மாற்றித் தருவது எங்கள் பொறுப்பு, உங்கள் கோப்புகளில் சிலவற்றை அனுப்பினால் அவற்றையே டெஸ்டாக வைக்கிறேன் என்று. காலையில் பதில் வந்தது, அனுப்புகிறேன், ஆனால் சில கோப்புகளில் ஒரே தலைப்பு இரண்டு முறை வரும், பழைய பதிப்பு அதை ஏற்றுக்கொண்டது, உங்கள் புதுக் கட்டளை ஏற்குமா என்று கேட்டிருக்கிறார். கான்ஃபிக்பார்சர் இயல்பாகவே அப்படி வந்தால் பிழை காட்டும். எங்கள் பழைய நிரலில் யாரோ சொந்தமாக எழுதிய பார்சர் இருக்கிறது, அது ஏன் இருக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது.

ப்ளக்இன்னுக்கு முதலில் அந்தச் செய்தி மட்டும். ஒவ்வொரு முன்மொழிவிலும் "வந்த எதிர்ப்புகளும் பதில்களும்" என்று ஒரு பகுதி வைத்து, விட்டுவைக்கிறோம் என்று முடிவானவற்றையும் அங்கேயே எழுதப் போகிறேன்.

ஆலமரத்தடி

அந்தச் சொந்தப் பார்சரைத் தொடும் முன், எந்த வரியை யார் எப்போது சேர்த்தார்கள் என்று காட்டும் கிட் பிளேம் போட்டு, அதைச் சேர்த்த கமிட்டையும் அப்போது நடந்த பேச்சையும் தேடிப் படியுங்கள். இரட்டைத் தலைப்பு தவிர வேறு ஏதாவது காரணமும் இருக்கலாம். கான்ஃபிக்பார்சரில் ஸ்ட்ரிக்ட் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் இரட்டைத் தலைப்பை ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஒரே சாவி இரண்டிலும் இருந்தால் பின்னால் வருவதுதான் நிற்கும். பழைய பார்சர் எதை எடுத்துக்கொண்டது என்று பார்க்க வேண்டும், அதுதான் அவருடைய படங்களை மாற்றிவிடக்கூடிய இடம்.

குறுக்குத்துறை

பைத்தான் 2 பேட்ச் தயாரானதும் இங்கே இணைப்பைப் போடுங்கள், ரிவ்யூ நான் செய்கிறேன். டெஸ்டுகளை நீக்குவதைத் தனிக் கமிட்டாக வையுங்கள், நிரல் போனபிறகும் மீதி டெஸ்டுகள் எல்லாம் ஓடுகின்றனவா என்று பார்க்க வசதியாக இருக்கும்.